லாங்கி அடக்கி வைத்த கடல்

இரண்டரை வயது லாங்கி வெளிக்குப் போக மறுத்த வாரம், வைலோலோ என்ற தீவுக் கிராமத்துக் கடலும் வற்ற மறுத்துவிட்டது. தினமும் ஏறி இறங்கும் தண்ணீர் ஏறியபடியே நின்றது. பெண்கள் சிப்பி பொறுக்கும் பாறைத்திட்டு மூழ்கியே கிடந்ததால் கடையில் டின் மீன் விலை கொஞ்சம் கூடியது. மற்றபடி ஊர் வழக்கம்போல இருந்தது. குழந்தை வீட்டுத் தூணைக் கட்டிக்கொண்டு, கால்களைப் பின்னி, விரல் நுனியில் நின்று முகம் சிவக்கும்போதெல்லாம் தண்ணீர் ஒரு விரற்கடை ஏறுவதை அவள் அப்பா பெனியமினாதான் முதலில் கண்டான். சங்கு ஊதுவது அவன் பொறுப்பு. அந்தியில் அவன் ஊதினால் ஊரே இருந்த இடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடி ஜெபிக்கும். அந்நேரம் தெருவில் நடமாடினால் தலைவர்கள் அபராதம் போடுவார்கள்.

வினை தொடங்கியது பால்பவுடரில். லாங்கி புட்டி புட்டியாகப் பால் குடிப்பாள், வெள்ளை ரொட்டி தின்பாள், தண்ணீரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒருநாள் மலம் கல்லாக இறுகி வந்தது, கிழித்துக்கொண்டு வந்தது. இனிமேல் இந்த வேலையே வேண்டாமென்று அன்றே முடிவு கட்டிவிட்டாள். பிள்ளை முக்குகிறாள் என்று வீட்டில் நினைத்தார்கள். நர்ஸ் ஃபிலோமெனா வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “முக்கல, அடக்குறா. பாலக் குறைங்க, தண்ணி குடுங்க, பப்பாளிக் கஞ்சி வச்சுக் குடுங்க. சாப்பிட்ட கையோட கக்கூஸ் சட்டியில உக்கார வைங்க, பாதம் தரையில ஊனட்டும். திட்டாதீங்க. வாந்தி வந்தாலோ வயிறு ஊதுனாலோ அந்த நிமிஷமே தூக்கிட்டு ஓடியாங்க.” இளக்க மருந்தும் கொடுத்தாள்.

எல்லாம் செய்தார்கள். முற்றத்துப் பப்பாளி மரம்கூட, குழந்தைக்கு எட்டட்டும் என்று இடுப்பளவுக்குக் குனிந்து நின்றது. ஆனால் வைலோலோவில் எந்த வீட்டுக்கும் சுவர் கிடையாது. தூண்கள், மேலே கூரை, மழைக்கு மட்டும் இறக்கும் ஓலைத் தட்டிகள், அவ்வளவுதான். லாங்கி நீலச் சட்டியில் உட்கார்ந்ததுமே ஊர் திரண்டுவிடும். மாதர் சங்கத்தார் விசிறியோடு முன்வரிசையில் அமர்வார்கள், பாடகர் குழு ஒரு பாட்டை எடுத்துவிடும். “என்னடி, வயித்துக்குள்ள கடை வைக்கப் போறியா? சரக்க எறக்குடி ராசாத்தி,” என்பாள் பக்கத்து வீட்டு மரேத்தா. அத்தனை பேரும் அன்போடுதான் வந்தார்கள், அந்த அன்புதான் ஆபத்தாக இருந்தது. லாங்கி அத்தனை முகங்களையும் ஒரு சுற்று பார்ப்பாள், எழுந்து போய்த் தூணைப் பிடித்துக்கொள்வாள். தண்ணீர் பன்றிக் கொட்டிலுக்குள் புகுந்தது; பன்றிகள் நீந்தப் பழகிக்கொண்டன.

அடுத்து வீடுகள்தான் என்று ஆண்கள் பாய்களைச் சுருட்டத் தொடங்கியபோது, லாங்கியின் அம்மா சியூனி உடைந்துவிட்டாள். “கடல் எக்கேடு கெட்டாலும் கெடட்டும் பெனி. எம்பிள்ளைக்கு வலிக்குது.”

பெனியமினா தூணருகே போனான். மகளைத் தூக்கி, “ஏன் தங்கம் போகமாட்டேங்குற?” என்று கேட்டான். இதுவரை யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை.

“எல்லாரும் பாக்குறாங்க,” என்றாள் லாங்கி.

மறுநாள் காலை, பப்பாளிக் கஞ்சி குடித்து முடித்த லாங்கியைச் சட்டியில் உட்கார வைத்துவிட்டு, பட்டப்பகலில் பெனியமினா சங்கை ஊதினான். காலம் தப்பி ஊதுவது பெரிய குற்றம், அது அவனுக்குத் தெரியும். ஆனாலும் சங்கு சங்குதான். பாய் சுருட்டிய ஆண்களும் பாடகர் குழுவும் கணுக்கால் தண்ணீரில் அப்படியே உட்கார்ந்து கண்ணை மூடினார்கள். மரேத்தா பாதிக் கேலியை விழுங்கிக்கொண்டாள். சியூனி ஓலைத் தட்டிகளை இறக்கிவிட்டுத் தானும் கண்ணை மூடினாள். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு சட்டியில் பொத்தென்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து கடல் பெருமூச்சு விட்டபடி பின்வாங்கத் தொடங்கியது. உட்கார்ந்திருந்தவர்களின் மடியிலிருந்து தண்ணீர் இறங்கிப் போயிற்று.

“வலிக்கல,” என்றாள் லாங்கி, ஆச்சரியமாக.

அன்றே பஞ்சாயத்து கூடியது. மூத்த தலைவர் தோமாசி தொண்டையைச் செருமினார். “நேரந்தப்பி ஊதுனதுக்கு அபராதம் ஒரு பன்னி.” அமைதியான அந்தக் காலையில் அவருக்கும் பல வருஷத்துக்குப் பிறகு வயிறு லேசாகியிருந்தது. “நாளைக்கும் அதே நேரத்துக்கு ஊது.”

லாங்கியின் பயம் முழுதாகப் போகப் பல மாதங்கள் ஆயின. நடுவில் கடல் சில நாள் தயங்கவும் செய்தது. இன்று அவளுக்கே இரட்டைப் பிள்ளைகள். வைலோலோவில் இப்போதும் காலைக் கஞ்சிக்குப் பிறகு சங்கு ஒலிக்கிறது, ஊர் கண்ணை மூடுகிறது, கடல் வற்றுகிறது. கடல் ஏறி வற்றும் நேரத்தைச் சொல்லித் தலைநகரில் அச்சடிக்கும் ஓத அட்டவணை இந்தக் கரைக்கு மட்டும் பொருந்துவதில்லை. சிப்பிக்குப் போகும் பெண்கள் அதைப் பார்ப்பதுமில்லை. தண்ணீர் இறங்கத் தாமதமானால், எந்த வீட்டிலோ ஒரு பிள்ளை இன்னும் உட்கார்ந்திருக்கிறது என்று கூடையைக் கீழே வைத்துவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருக்கிறார்கள்.