சேம்பு இலை நுனியில் நின்ற துளி

எங்கள் தெரு ஸ்டுடியோவின் பின்முற்றத்தில் ஒரு மழைத்துளி மூன்று வருடம் நான்கு மாதம் விழாமல் நின்றது. சேம்பு இலையின் நுனியில், பச்சைப்பயறு அளவில், போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிற ஆள் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று கோடைக்கும் காயவில்லை, காற்றுக்கும் உதிரவில்லை. அதைத் தாங்கிய இலையும் பழுக்கவில்லை. மீட்டர் பார்க்க வருகிறவர்கூட அதை இடித்துவிடாமல் தலையைச் சாய்த்துத்தான் போவார். சும்மா சொல்லக் கூடாது, லட்சணமான துளி.

ஸ்டுடியோக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் ஆச்சு சார். எங்களில் பாதிப் பேருடைய பாஸ்போர்ட் படம் அவர் எடுத்ததுதான். ஸ்டூலில் உட்காரவைத்து, மோவாயை ஒற்றை விரலால் நிமிர்த்தி, "கொஞ்சம் அசையாம இருங்க" என்பார். பொத்தானை அழுத்தியதும் "ஆச்சு, நீங்க போகலாம்" என்பார். அவர் ஆச்சு சொல்லாமல் யாரும் எழுந்ததில்லை, எழவும் முடியாது. ஒரு தடவை இடையில் தும்மல் வந்து அவர் சொல்ல மறந்துவிட, வங்கி மேனேஜர் மதியச் சாப்பாடு வரை விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மழை விட்டதும் ஆச்சு சாரைக் கடையில் பார்க்க முடியாது. பழைய லென்ஸ் ஒன்றை முன்பின்னாகத் திருப்பிக் கேமராவில் மாட்டிக்கொண்டு பின்முற்றத்தில் உட்கார்ந்துவிடுவார். இலைக்காம்பைத் துணி கிளிப்பால் ஒரு குச்சியோடு பிடித்து, முழங்கையை முழங்காலில் ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு துளிகளைப் படம் எடுப்பார். அவ்வளவு கிட்டத்தில் ஒரு நூல் அசைந்தாலும் படம் கலங்கிப்போகும். தொழில் பழக்கம் விடுமா? துளியிடமும் "கொஞ்சம் அசையாம இருங்க" என்பார். அதுவும் இருக்கும். ஆச்சு என்றதும் விழும். துளிக்கெல்லாம் 'நீங்க'வா என்று மனைவி கேலி செய்தால், "அவ்வளவு ஒசரத்துலேருந்து வர்றாங்க, ஒரு மரியாதை வேணாமா?" என்பார்.

அவர்களுக்கு ஒரே மகள். பாலங்களுக்கு வரைபடம் போடும் படிப்பு படித்து, கடல் தாண்டி ஒரு கம்பெனியில் வேலையும் வாங்கிவிட்டாள். புறப்பட வேண்டிய காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. பெட்டியும் கையுமாகச் சமையலறைப் பின்வாசலில் வந்து நின்று, படி இறங்க ஒரு காலைத் தூக்கியபடி, "அப்பா, டாக்சி வந்திருச்சு" என்றாள். "ஒரே ஒரு துளிம்மா" என்றார் அவர். அசையாம இருங்க என்று துளியிடம் சொல்லிப் பொத்தானை அழுத்திய அதே நொடியில் கடை மணி அடித்தது. லாரி டிரைவர் ஒருவருக்கு லைசென்ஸ் படம், அன்றைக்குத்தான் கடைசி நாள். அந்த மனிதர் நாலு தடவை கண்ணைச் சிமிட்டி அஞ்சாவது படத்தில்தான் அடங்கினார். அதற்குள் டாக்சிக்காரர் ஹாரன் அடிக்க, அந்த அவசரத்தில் துளிக்குச் சொல்ல வேண்டியதை ஆச்சு சார் சொல்லவில்லை. மறந்துவிட்டார் என்றுதான் நாங்கள் சொல்கிறோம். பெற்ற மனசுக்குள் புகுந்து பார்க்க எங்களுக்கு நேரமில்லை.

மகள் ஏறியதும் டாக்சி நின்றுபோயிற்று. இறங்கினாள், கிளம்பிற்று. ஏறினாள், நின்றது. அடுத்த மாதம் விமான நிலையம் வரை போனாள். விமானம் மேலே போய் நாலு மணி நேரம் பறந்து, கிளம்பிய இடத்திலேயே வந்து இறங்கியது. விமானிக்கும் காரணம் தெரியவில்லை. அவளை இறக்கிவிட்டதும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. கப்பலில் போகப் பார்த்தாள், நங்கூரம் மேலே வர மறுத்தது. தலைகீழாக நின்று பார்த்தும் ஊரைவிட்டு அவளால் போக முடியவில்லை. கடைசியில் டிக்கெட் கொடுக்கிறவர்களே "அந்தப் பொண்ணு வருதா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். அந்தக் கம்பெனியும் அவளுக்காகக் காத்திருந்தது. வேறு வழியில்லை, அவள் வரைய வேண்டிய பாலம் ஒரு தூணுக்கு மேல் எழும்பவே இல்லை.

இரண்டாவது வருடம் அம்மாவுக்கு நுரையீரலில் நோய் வந்தது. மகள்தான் தலை வாரிவிட்டாள், கஞ்சி ஊட்டினாள், இருமல் வரும்போது முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தார்கள். படுத்தபடியே அம்மா அந்தத் துளியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "எனக்காகத்தான் நிக்குதுன்னு நெனச்சுக்கறேன்டி. கேக்க ஆளிருக்கா?" என்று ஒரு நாள் சொன்னாள். மூன்று வருடம் கழிந்து வந்த முதல் மழையன்று, மகள் மடியில் தலை வைத்துப் போய்ச் சேர்ந்தாள்.

சட்டம் போட்டு மாட்ட மனைவியின் படம் தேடும்போதுதான், ஊருக்கெல்லாம் படம் எடுத்தவரிடம் அவளுடைய நல்ல படம் ஒன்றுகூட இல்லை என்பது தெரிந்தது. கழுவாத ரோல்களில் ஏதாவது இருக்கும் என்று எல்லாவற்றையும் இருட்டறைக்குக் கொண்டுபோய்க் கழுவினார். ஒன்றில் அந்தத் துளி வந்தது. பெரிதாக்கிப் பார்த்தார். எந்தத் துளிக்குள்ளும் பின்னால் இருப்பது தலைகீழாகத் தெரியும், அது அவருக்குப் புதிதில்லை. இதற்குள் அவருடைய மகள் தெரிந்தாள், கையில் பெட்டி, ஒரு கால் படிக்கு மேல் தூக்கியபடி. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார். உள்ளே மகள் பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. துளிக்குள்ளேயும் அவள் தூக்கிய காலோடு நின்றுகொண்டிருந்தாள்.

பத்து நாள் அவர் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் வீட்டில் தானும் அந்த ஸ்டூலும்தான் மிச்சம் என்பது அவருக்குத் தெரியும். பதினோராம் நாள் அந்தப் படத்தை மகள் கையில் கொடுத்துவிட்டு, தப்பு செய்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றார். அவள் வெகுநேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார்.

"இந்தக் காலைக் கீழ வெச்சிருந்தேன்னா, அம்மா இருமுறதைப் போன்லதான் கேட்டிருப்பேன்" என்றாள். "மூணு வருஷம்ப்பா. யாருக்குக் கெடைக்கும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"இப்ப சொல்லிடுங்கப்பா."

"சொன்னா நீ போயிடுவ."

"போறதுக்குத்தான சொல்லச் சொல்றேன்."

இருவரும் முற்றத்துக்குப் போனார்கள். பழக்கம்போல முழங்கையை முழங்காலில் ஊன்றிக் குந்தினார். முதல் தடவை "கொஞ்சம் அசையாம" என்றே ஆரம்பித்துவிட்டார். மகள் அவர் தோளில் கை வைத்தாள். இரண்டாம் தடவை, "ரொம்ப நாள் நிக்க வெச்சுட்டேன், மன்னிக்கணும். எங்களுக்குப் பெரிய உபகாரம். ஆச்சு, நீங்க போகலாம்" என்றார். துளிக்குள் தூக்கியிருந்த கால் படியில் இறங்கியது. பிறகு துளி விழுந்தது. இலை ஒரு துள்ளு துள்ளி நிமிர்ந்து, மூன்று வருடப் பழுப்பையும் ஒரே மூச்சில் பழுத்துக் காம்போடு சாய்ந்தது. அடுத்த வாரம் அவள் ஏறிய விமானம் பதினோரு நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது.

ஒன்றரை வருடம் கழித்து ஆச்சு சாருக்கு நெஞ்சுவலி வந்தது. மிஞ்சினால் இரண்டு வருடம் என்று டாக்டர் கணக்குச் சொன்னார். செய்தி கேட்ட அன்று மகளின் ஊரில் மழை. அவள் போன் செய்து, "அப்பா, முற்றத்துக்குப் போய் உக்காருங்க. கொஞ்சம் அசையாம இருங்க" என்றாள். ஏதோ பொத்தான் அழுத்தும் சத்தம் கேட்டது. ஆச்சு என்று மட்டும் அவள் சொல்லவில்லை. தபாலில் படம் வந்தது. அவள் வீட்டு ஜன்னலோரத் தொட்டிச் செடியில் ஒரு துளி, துளிக்குள் எதிர்வீடு தெரியவில்லை. எங்கள் ஆச்சு சார்தான் ஸ்டூலும் டீ கிளாசுமாகத் தலைகீழாக உட்கார்ந்திருந்தார். நாங்கள் எல்லோரும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம், டீ கிளாசில் ஆவிகூடத் தெரிந்தது.

அவருக்கு இப்போது எண்பத்தெட்டு. கணக்குச் சொன்ன டாக்டர் ஓய்வு பெற்று, போன மாதம் ஓய்வூதியப் படிவத்துக்குப் படம் எடுக்க இவரிடம்தான் வந்தார். தெருமுனையைத் தாண்டி மட்டும் ஆச்சு சாரால் போக முடியாது, கால் எழும்பாது. போக வேண்டிய இடமும் இல்லை என்கிறார். காய்கறியும் மருந்தும் நாங்கள் வாங்கித் தருகிறோம். பாலம் முடிந்து பல காலமாகிறது. மகள் வருடத்துக்கு ஒருமுறை வந்து, அம்மா படுத்திருந்த ஜன்னலோரம் படுத்துத் தூங்கிவிட்டுப் போகிறாள். கிளம்பும்போது பின்வாசலில் பெட்டியோடு நின்று, "சொல்லிடவாப்பா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

அவர் முற்றத்தைப் பார்ப்பார். புதிதாக விட்ட சேம்பு இலைகளைப் பார்ப்பார்.

"அவசரம் ஒண்ணுமில்லம்மா" என்பார். "கடையில ஆள் காத்திருக்காங்க."