அத்தான் பெயரில் இருந்த கணினி

காலையிலிருந்து மூன்று மணி நேரம் இறக்கிய செயலி உருவாக்கும் கருவித்தொகுப்பு, கடைசியில் முகத்தில் அடித்தாற்போல் ஒரு சிவப்பு வரியைக் காட்டியது. பயனர் கோப்புறையின் பெயரில் ஆங்கிலம் அல்லாத எழுத்து இருக்கிறதாம், வேலை செய்யாதாம். கணினி அத்தானுடையது, அக்கா புருஷனுடையது. கட்டட வரைபடம் போடுகிறவர். அதில் கணக்குத் திறந்த அன்றே தன் பெயரைத் தமிழில்தான் வைப்பேன் என்று வைத்துவிட்டார், மகராசன்.

தங்கைக்கு இன்று வேலைத் தேர்வு. ஐந்து மணிக்குள் ஒரு சின்னச் செயலி செய்து அனுப்ப வேண்டும். ஒரே நிரல், கைபேசியிலும் கணினியிலும் ஓட வேண்டும். ஓடினால் வேலை. வேலை கிடைத்தால் தனியாக ஓர் அறை. இரண்டு வருடமாக அக்கா வீட்டுக் கூடத்தில் படுத்து, அத்தானின் ஜாடைப் பேச்சை விழுங்கிக்கொண்டிருக்கிறவளுக்கு வேறென்ன வேண்டும்?

கொஞ்சம் நிதானித்திருந்தால் புதுக் கணக்கு ஒன்று திறந்து, அதிலேயே மறுபடி நிறுவியிருக்கலாம். அதற்கு ஏது பொறுமை? இறக்கியதெல்லாம் வீணாகுமே என்று, புதுக் கணக்கு வழியாக உள்ளே போய், அத்தானின் கோப்புறைப் பெயரையே ஆங்கிலத்தில் மாற்றித் தொலைத்தாள். விஷயம் தெரிந்தவள் செய்கிற காரியமா இது? திரும்ப அவர் கணக்கில் நுழைந்தால், அது பழைய பெயரையே தேடிக் காணாமல், திரை வெறிச்சென்று இருந்தது. ஒரு வரைபடம் இல்லை. இது தற்காலிகக் கணக்கு, வெளியேறினால் இதில் உள்ளது அழிந்துவிடும் என்று மூலையில் ஓர் அறிவிப்பு. தற்காலிகக் கணக்கின் பெயர் ஆங்கிலமாயிற்றே, கருவித்தொகுப்பு அதில் மட்டும் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது.

தேநீர் கொண்டுவந்த அக்கா திரையைப் பார்த்து நின்றுவிட்டாள். "அவர் படமெல்லாம் எங்கேடி?"

"எங்கேயும் போகலைக்கா. பழைய பேரை வச்சா வந்துடும்."

"அப்ப இப்பவே வை."

"அதுக்கு இதைவிட்டு வெளிய வரணும், வந்தா என்னோடது மொத்தமும் போயிடும்."

அக்கா தேநீரை மேசையில் வைத்தாள். "அவர் வர ஆறு மணியாகும். அதுக்குள்ள முடிச்சுடு" என்றாள்.

ஆறு மணிக்கு வர வேண்டிய மனுஷர் நாலே முக்காலுக்கு வந்து நின்றார். அவசரமாக ஒரு வரைபடம் வேண்டுமாம். தங்கையின் செயலி ஓடிவிட்டது, ஆனால் அனுப்புவதில் பாதிதான் ஏறியிருந்தது. அக்கா வாசலிலேயே அவரை மறித்துக்கொண்டாள்.

"கம்ப்யூட்டர்ல ஏதோ ஆயிடுச்சுங்க. தூசி தட்டறப்ப நான்தான் எதையோ அழுத்திட்டேன். அவ சரி பண்ணிட்டிருக்கா, கொஞ்சம் பொறுங்க."

"அறிவிருக்கா உனக்கு? சோறு ஆக்கறதைத் தவிர என்ன தெரியும்னு அதுல கை வச்சே?" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. அக்காவின் அப்பா அம்மா வரைக்கும் போனார்.

எழுந்து போய் 'அக்கா இல்லை, நான்தான்' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? போனால் அவர் நேரே வந்து கணினியை அணைப்பார். எழுபது சதவீதம். எண்பது. கூனிக் குறுகிப்போய், ஆனாலும் நாற்காலியை விட்டு எழாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது செயலி போய்ச் சேர்ந்தது. வெளியேறி, பழைய பெயரை வைத்தாள். வரைபடங்கள் எல்லாம் வந்துவிட்டன. அத்தான் அவளை ஒரு வார்த்தை சொல்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அக்கா சமையலறைக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் எழுந்து வந்திருக்கணும்."

"அனுப்பிட்டியா?"

"ம்."

அக்கா திரும்பவில்லை. குழாயை மூடாமலே, மெதுவாகச் சொன்னாள். "ரெண்டு பேர் படுக்கிற மாதிரி ரூமாப் பாரு."