எட்டாத தாழ்ப்பாள்

"ஏங்க, கதவத் திறங்க. மறுபடியும் தாழ்ப்பாள் போட்டுட்டீங்க."

வளையலால் கண்ணாடியில் தட்டிவிட்டு, காலி வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். பால்கனிக் கொடியில் துணிகள் சொட்டிக்கொண்டிருந்தன. உள்ளே கணவர் நாற்காலியில் பக்கவாட்டாகச் சாய்ந்திருந்தார். ஒரு காலில் ஷூ இருந்தது. இன்னொன்று மடியில் கிடந்தது.

இது புதிதில்லை. மனிதர் ரயில்வே கேட் கீப்பராகக் காலம் தள்ளியவர். திறந்து கிடக்கும் எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவர் கைக்குத் தெரியாது. அவர் மூடிய சர்க்கரை டப்பாவைத் திறக்க அவரையேதான் கூப்பிட வேண்டும். அவர் இறுக்கிய குழாயைத் திருப்பி அவளுக்கு மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். பால்கனிக் கதவு ஒருக்களித்திருந்தால், அவள் வெளியே நிற்பதுகூட நினைவில்லாமல் போகிற போக்கில் தாழிட்டுவிடுவார். அவள் தட்டியதும் வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, "வண்டி போகட்டும்மா, கொஞ்சம் பொறு" என்பார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். சிரிப்பும் வந்து தொலைக்கும்.

இன்று காலையில் பூங்காவுக்குப் போகலாம் என்று அவர்தான் ஆரம்பித்தார். குளிர் விட்டுவிட்டது, மரமெல்லாம் பூத்துக் கிடக்கிறது, இன்னும் என்ன வீட்டுக்குள்ளேயே என்றார். துணியைக் காயப் போட்டுவிட்டு வருகிறேன் என்றாள் அவள்.

"நீ கிளம்பி வர்றதுக்குள்ள பூவெல்லாம் கொட்டி, காயே காய்ச்சிடும்."

"அப்ப தனியாப் போங்க. யாரு வேணாம்னா?"

அந்தக் கோபம்தான் என்று நினைத்தாள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதில் சின்னப் பிள்ளை தோற்கும்.

"போதும் நடிப்பு. தண்டனை கொடுக்கற வயசா இது? திறங்க, வெயில் ஏறுது." இந்த முறை உள்ளங்கையால் தட்டினாள். "சரி, நான் சொன்னது தப்புதான். போதுமா?"

அப்போது உள்ளே போன் அடித்தது. மகள் கூப்பிடும் நேரம். அந்தப் போனுக்காக இருவருக்கும் தினமும் போட்டி. எப்போதும் அவர்தான் முந்திக்கொள்வார், பேச்சையெல்லாம் பேசி முடித்துவிட்டு "இந்தா, உங்கம்மா" என்று நீட்டுவார். கைக்கெட்டும் மேஜையில்தான் அது இருந்தது. அடித்து அடித்து ஓய்ந்தது. அவர் விரல்கூட அசையவில்லை.

வாளி இடுப்பிலிருந்து நழுவியது. அவள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். அந்த வாயை எத்தனையோ கட்டில்களில் பார்த்திருக்கிறாள். நர்ஸுக்குத் தெரிந்துவிட்டது. பெண்டாட்டி ஒப்புக்கொள்ளவில்லை. மயக்கமாக இருக்கலாம், நெஞ்சை அழுத்திவிட்டால் திரும்பிவிடுவார், உள்ளே போனால் போதும்.

பூந்தொட்டியை எடுத்து ஓங்கி அடித்தாள். கண்ணாடி உடைந்து இரண்டு பக்கமும் கொட்டியது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுத் தோள் வரை திணித்தாள். எட்டவில்லை. தாழ்ப்பாள் மேலே, கதவின் உச்சியில் இருந்தது. திருடன் கையை விட்டாலும் எட்டாது பார் என்று அவரே அளந்து வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டது. எனக்கும்தான் எட்டவில்லை, ஒவ்வொரு தடவையும் ஸ்டூலைத் தேட வேண்டியிருக்கிறது, கீழே இறக்குங்கள் என்று கேட்டுக் கேட்டு அவள் வாய் வலித்துப் போனது. "உனக்கென்ன, நான் இருக்கேன்ல" என்று தட்டிக் கழித்துவிட்டார்.

"யாராவது வாங்களேன்!"

தெருவில் நடந்தவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். மேல்மாடித் தச்சர் பால்கனியிலிருந்து குனிந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"அவரு அசையாம இருக்காரு தம்பி. வெளியில மாட்டிக்கிட்டேன். வாசல் கதவ ஒடச்சிடு. ஒண்ணும் யோசிக்காத, ஒடச்சிடு."

வாசல் கதவும் லேசுப்பட்டதில்லை. அதற்கும் அவர் போட்டு வைத்த பூட்டுகள் இருந்தன. சுத்தியல் சத்தம் கேட்டது, நின்றது, மீண்டும் கேட்டது. இந்தப் பக்கம் அவளுக்குச் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. கையில் ரத்தம் வழிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி இல்லாத இடத்தில் முகத்தை வைத்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள்.

"பார்க்குக்குப் போலாங்க. துணியெல்லாம் போட்டாச்சு. பொடவகூட மாத்தல, இப்படியே வரேன். அந்த ஒரு ஷூவையும் போடுங்க, போலாம்."

தெருவிலிருந்து வந்த காற்று அவளைத் தாண்டி உள்ளே போய் அவர் தலைமுடியைக் கலைத்தது. ஒரு நாளும் தலை சீவாமல் வெளியே கிளம்பாத மனிதர். அவளுக்கு அவரைத் தொட வேண்டும்போல் இருந்தது. ஒரு முறை, அந்த முடியையாவது ஒதுக்கிவிட வேண்டும்போல்.

வாசல் கதவு பிளந்தது. தச்சர் ஓடி வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். கழுத்தில் கை வைத்தார். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். பிறகு அவர் செய்தது ஒன்றுதான்: மடியில் இருந்த ஷூவை எடுத்துக் கீழே, மற்றதற்குப் பக்கத்தில் வைத்தார்.

எழுந்து பால்கனிப் பக்கம் வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் கையை உயர்த்தித் தாழ்ப்பாளை இறக்கினார். கண்ணாடித் துண்டுகளைக் காலால் ஓரம் தள்ளி வழி செய்துவிட்டுக் கதவை அகலத் திறந்தார்.

"வாங்கம்மா."

அவள் நிலைப்படியில் ஒரு காலை வைத்தாள். நாற்காலி நாலெட்டுக்கூட இருக்காது. காலை எடுத்துவிட்டாள்.

"தம்பி, இந்தக் கதவ இன்னும் கொஞ்ச நேரம் சாத்தி வைப்பா. நான் வரேன்."

தச்சர் கதவை மெல்லச் சாத்திவிட்டு, கைப்பிடியை விடாமல் உள்பக்கம் நின்றுகொண்டார்.