அழகுராஜா கேட்ட சரளி வரிசை

திண்டுக்கல்லில், ஏன், உலகத்திலேயே இதுவரை நடந்த கச்சேரிகளில் ஆகச் சிறந்தது போன ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிதான். நாலாவது வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன் என்பதற்காகச் சொல்லவில்லை.

வத்தலக்குண்டு பேருந்தில் முப்பத்தோரு வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். டிக்கெட் கிழித்தே பழகிய கை கச்சேரியில் சும்மா கிடக்குமா? 'இந்தப் பாட்டைப் பாடுங்கள்' என்று மேடைக்குத் துண்டுச் சீட்டு அனுப்பிக்கொண்டே இருக்கும். போன வருஷம் ஒரே சாயங்காலத்தில் பதினொன்று. சபா செயலாளர் அழகுராஜா அதைத் தொள்ளாயிரமாக்கி ஊரெல்லாம் சொல்லிவிட்டார். இந்த வருஷம் வாசலிலேயே மறித்தார்.

"அண்ணே, பாட்டு கேளுங்க, கைதட்டுங்க. உங்க பேர்ல ஒரு சீட்டு மேடைக்குப் போச்சு, அடுத்த கச்சேரிக்கு உங்களுக்கு நாற்காலி கிடையாது."

"என் பேர்ல போகாதுப்பா," என்றேன். சத்திய வாக்கு.

ஆனால் அன்றைக்கு என் கவலையே வேறு. என் மனைவி சிவனம்மாள் அறுபது வயதில் பாட்டு வகுப்பில் சேர்ந்தவள். ஆறு மாதமாகச் சரளி வரிசைதான். ச ரி க ம ப த நி என்று ஏறி, வந்த வழியே இறங்கும் முதல் பாடம். காலை ஐந்து மணிக்கு அவள் ஏற ஆரம்பித்தால் எங்கள் தெருச் சேவல்கள் மரியாதையாக வாயை மூடிக்கொள்ளும். அதைக் கேட்காமல் எனக்குக் காப்பி இறங்காது. அப்படிப்பட்டவள் வரும் வழியில், ஆட்டோவிலேயே, குண்டு போட்டாள்.

"நாளையோட வகுப்பை நிறுத்தப் போறேங்க."

"ஏம்மா?"

"இம்புட்டு நாளா ஏறி ஏறி இறங்குறேன், பாட்டு எங்க இருக்கு? நேத்து கூடப் படிக்கிற பொடுசு கேக்குது, 'மேல் ச எட்டலையா பாட்டி, ஸ்டூல் போடவா'ன்னு. இதெல்லாம் பாட்டாங்க? எந்தக் கச்சேரியில பாடுறாக?"

அந்தக் கடைசிக் கேள்வி முள்ளாகத் தைத்துவிட்டது. மேடையில் பாடகி ஜீவிதா பாடிய பாட்டுக்கு மலைக்கோட்டையே இரண்டடி நகர்ந்து வந்து கேட்டது. எனக்கோ பாதிக் காதுதான் அங்கே இருந்தது. மிருதங்கத் தனி முடிந்து சீட்டுகள் போகத் தொடங்கியதும் நானும் பேனாவை எடுத்தேன்.

'சரளி வரிசை, மூன்று காலத்திலும். இப்படிக்கு, அழகுராஜா, செயலாளர்.'

மடித்து முன்வரிசைக்குத் தள்ளினேன். கைமாறிக் கைமாறி மேடை ஏறியது. ஜீவிதா படித்தார், சிரித்தார், மைக்கை இழுத்தார்.

"செயலாளர் சார் சரளி வரிசை கேட்டிருக்காங்க. இதுவரைக்கும் யாரும் என்கிட்ட இதைக் கேட்டதில்ல. பாடிருவோமா?"

மேடை ஓரத்தில் நின்ற அழகுராஜா வாயைத் திறந்தார். ஒரு சீப்புச் சிறுமலைப்பழம் உள்ளே போயிருக்கும். கைதட்டல் எழுந்ததும் அதே வாயைச் சிரிப்பாக மாற்றிக்கொண்டார், கெட்டிக்காரர்.

முதல் காலம், கோயில் படி ஏறுவதுபோல நிதானமாக. இரண்டாவதில் வயலின் சேர்ந்துகொண்டது. மூன்றாவதில் அதே ஏழு சுரங்கள் தகரக் கூரையில் விழுந்த மழையாகிவிட்டன! கச்சேரிக்கு வந்திருந்த சிவனம்மாளின் வகுப்புப் பிள்ளைகள் பின்னாலிருந்து கூடப் பாடின. என் பக்கத்தில் ஒரு குரல். சிவனம்மாள், கண்ணை மூடிக்கொண்டு, என் தொடையில் ஆதிதாளம் அடித்தபடி! மேல் ச வந்தது. ஸ்டூல் இல்லாமலே எட்டினாள். தொடை இன்னும் வலிக்கிறது.

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் வகுப்புக்குக் கிளம்பினாள். கிளம்பும்முன் என் கையில் ஒரு தூக்குவாளியைத் திணித்தாள். நிறைய இனிப்புப் பணியாரம், எண்ணி இருபது.

"அழகுராஜா தம்பிகிட்ட குடுங்க. எம்புட்டு ஞானம் அவருக்கு! நீங்களுந்தான் சீட்டு அனுப்புறீக, இப்படி ஒண்ணு கேக்கத் தோணுச்சா?"

வாயைத் திறந்தால் நாற்காலி போய்விடும். கொண்டுபோனேன். அழகுராஜா ஒவ்வொன்றாக, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, இருபதையும் தின்று முடித்தார்.

"அண்ணே, உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா?" என்று விரலைச் சப்பினார். "மதினிகிட்ட சொல்லுங்க. அடுத்த வருஷம் ஜண்டை வரிசை கேக்குறேன். அதுக்குள்ள அந்தப் பாடத்துக்கு வந்துருவாகல்ல?"

எனக்கு ஒன்று கூடத் தரவில்லை, பாவி.