கண்ணாடியை ஒட்டிப் போன ஒன்று

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, கால் நீட்டி உட்காருங்கள். கடுகளவு துளிக்குள் நடந்த ஒரு பயணத்தைச் சொல்கிறேன்.

...ஒன்றுமே அசையவில்லையே, என்று மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தாள் கருத்தரிப்பு மையத்தின் ஆய்வகத்துக்காரி, தங்கை மாப்பிள்ளையின் விந்தணுக்களில் உயிருள்ளது ஒன்றாவது கிடைத்தால்தான் தங்கையின் முட்டைக்கு வழி, இதுதான் கடைசி முறை, இனிமேல் அவள் உடம்பு தாங்காது, வெளியே நாற்காலி நுனியில் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பாள், போன தடவையே "போதும்டி, விட்டுடு" என்று சண்டை பிடித்தவள் அக்காவான இவள்தான், தங்கை கேட்டாளா... காலையில்கூட, "சோம்பேறியா ஒண்ணு மாட்டினாலும் எடுத்துக்கோக்கா, அவரு சாயல்னு வெச்சுக்கறேன்" என்றாள், "அசையவே இல்லன்னாத்தான் என் சாயல்" என்றார் மாப்பிள்ளை, மூவரும் சிரித்தார்களே, அந்தச் சிரிப்பை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது? டாக்டர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, இல்லேன்னு சொல்லிடலாமா?" என்றார், இல்லை என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அப்போதுதான் உறைத்தது... துளியின் நடுவையே பார்த்துக்கொண்டிருக்கிறோமே, புதிதாக வேலைக்கு வருகிறவர்களை இதற்குத்தானே திட்டுகிறோம், நீந்துகிறவை நடுவில் நிற்பதில்லையே, அடிக்கண்ணாடியை ஒட்டியல்லவா போகும்...

மைக்ராஸ்கோப்பின் திருகைத் திருப்பி, பார்வையை அடிக்கண்ணாடிவரை இறக்கினாள், இன்னும் கொஞ்சம், இன்னும்... அதோ. முடியைவிட மெல்லிய வால், ஒரே ஒன்று, கண்ணாடியை உரசாத குறையாக நெளிந்து நெளிந்து... அந்தத் துளி நமக்குத் தண்ணீர், அத்தனை சின்னதான அதற்கு வெல்லப்பாகு, வாலை நிறுத்தினால் அந்தக் கணமே நின்றுபோகும், சறுக்கிப் போகிற சலுகைகூட இல்லை, கண்ணாடிப் பக்கம் இன்னும் மோசம், தான் அசையாத சுவர் தன்னை ஒட்டிய திரவத்தையும் அசையவிடாது, வாலைப் பிடித்துப் பிடித்து இழுக்கும், ஆனால் வால் குறுக்கே வீசும்போது இறுக்கிப் பிடிக்கிறது, நீளவாக்கில் நழுவும்போது கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது, அந்தக் கொஞ்சத்தில்தான் இது முன்னே போகிறது... தடுப்பதேதானா தள்ளுவதும்? பிடிப்பே இல்லாத இடத்தில் எவ்வளவு நெளிந்தாலும் நின்ற இடம்தானே... எத்தனை வருஷமாகப் பார்க்கிறாள், இன்றைக்குத்தான் பார்த்தாள். "இருக்கு டாக்டர்... ஒண்ணு." கரு ஒட்டுமா, நிலைக்குமா, யார் கண்டது... அதை உறிஞ்சி எடுக்க நுண்குழாயை எடுத்த கை நின்றது, போதும்டி, போதும்டி என்று இத்தனை நாள் தங்கையைப் பிடித்து இழுத்தேனே, அந்தப் பிடிப்பும்தானா அவளை முன்னே தள்ளியது...

சரி, எழுந்திருங்கள் செல்லங்களே. உங்கள் வீட்டில் யார் கதவுக்கு வெளியே காத்திருந்தாலும், நல்ல சேதியோடு அந்தக் கதவு திறக்கட்டும்.