பூ அட்டையில் ஒட்டிய படம்

சனிக்கிழமையோடு ஆனைஸ் மருந்துக்கடை வேலையை விட்டுப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் ஜெகதீஸ்வரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஐந்து மாதத்துக்கு முன்பு பாரிஸின் லா சப்பல் மெத்ரோ ரயில் நிலையப் படிக்கட்டில் புருசன் வாமதேவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது, எதிரேயிருந்த மருந்துக்கடையிலிருந்து வெள்ளைக் கோட்டோடு ஓடிவந்து, தீயணைப்புப் படையினரின் பொம்பியே அவசர வண்டி வரும்வரை அந்த நெஞ்சை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தவள் அந்தப் பெண்தான். தன் கழுத்தில் இன்னும் தாலி கிடப்பது அவளால். இதை அவளிடம் எப்படிச் சொல்வது? ஜெகதீஸ்வரியின் பிரெஞ்சு, வேலை செய்யும் மளிகைக்கடையின் வாசலோடு நின்றுவிடும். றோல்ஸ் கொண்டுபோய்க் கொடுத்தாள், வடை கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் சிரித்து வாங்கிக்கொண்டு, முசியூ, அதுதான் ஐயா, எப்படி இருக்கிறார் என்று கேட்பாள். "சவா, சவா", நல்ல சுகம் என்றுவிட்டு வந்துவிடுவாள் இவள். வாமதேவனோ அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. சட்டையைக் கிழித்த கோலத்தில் நடுத்தெருவில் கிடந்ததைப் பார்த்தவளுக்கு முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பது என்று மனுசனுக்கு வெட்கம்.

பேர்த்தில் இருக்கும் பள்ளித்தோழி அஜந்தா சுகம் விசாரித்து அனுப்பிய பார்சலில் ஒரு கட்டு வாழ்த்து அட்டைகளும் இருந்தன. பத்து அட்டையிலும் பத்து விதமான காட்டுப் பூக்கள், எல்லாம் அவுஸ்திரேலிய மண்ணுக்கே உரியவை. உள்ளே ஓர் எழுத்தும் இல்லை. வெள்ளிக்கிழமை சமையல் முடிந்ததும் அவற்றை மேசையில் பரப்பினாள். பாங்சியா, போத்தல் கழுவும் பிரஷ் மாதிரி இருந்தது. கங்காருப் பாதத்துக்குப் பெயரே சரியில்லை. பாலைவனப் பட்டாணிப் பூ சிவப்புக்கு நடுவில் கறுப்புக் கண்ணை உருட்டி முழித்தது. நல்ல காரியத்துக்கு அது வேண்டாம். கடைசியில், காகிதம் போன்ற இதழ்களோடு இளஞ்சிவப்பாய் நின்ற, என்றும் வாடாத எவர்லாஸ்டிங் பூவை எடுத்தாள்.

உள்ளே பெரிதாக 'நன்றி' என்று தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதினாள். மீதி இடம் வெறுமையாகக் கிடந்தது. மேலே வாமதேவனின் பாஸ்போர்ட் அளவுப் படத்தை ஒட்டினாள். கீழே முழுப்பெயர். அதற்குக் கீழே, விழுந்த அன்றைய தேதி. இப்போதுதான் அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

வாமதேவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைத் திறந்து பார்த்தார்.

"இதென்ன, என்ரை முப்பத்தொண்டுக்கு அடிச்சதோ?"

ஜெகதீஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் வாழ்க்கையில் கையில் வாங்கிய நன்றி அட்டைகள் எல்லாமே செத்தவீட்டுக்காரர் முப்பத்தோராம் நாள் கொடுத்தவைதான். படம், பெயர், தேதி, வந்தவர்களுக்கு நன்றி. உயிரோடிருக்கும் ஒருவருக்காக நன்றி சொல்லும் அட்டையை அவள் கண்டதேயில்லை. அவசரமாகப் படத்தை உரித்தாள். அது தாளையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"வேறை ஒண்டை எடுத்து எழுதன்."

"இல்லையப்பா. இது மனசாலை எழுதினது. இதைத்தான் குடுப்பன்."

அவர் அந்தப் பிய்ந்த சதுரத்தைப் பார்த்தார்.

"அப்ப படத்துக்குப் பதிலா நானே வாறன்."

ஐந்து மாதமாக எவ்வளவு சொல்லியும் அசையாத மனுசன். வாயைத் திறந்தால் மனம் மாறிவிடுவாரோ என்று பயந்து, ஜெகதீஸ்வரி பேசாமல் போய் அவருடைய நீலச் சட்டையை எடுத்து அயர்ன் பண்ணினாள்.

மறுநாள் காலை மருந்துக்கடையில் ஆனைஸ் பூவை ரசித்துப் பார்த்துவிட்டு அட்டையைத் திறந்தாள். பிய்ந்த இடத்தை விரலால் தடவினாள். கீழே இருந்த பெயரையும் தேதியையும் வாசித்தாள். முகம் வெளிறியது.

"முசியூ?"

ஜெகதீஸ்வரி விலகி நின்றாள். பின்னால் நின்றவரை ஆனைஸுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இவர் இவ்வளவு உயரமா என்று கேட்டாள். அந்த அளவு பிரெஞ்சு ஜெகதீஸ்வரிக்கு விளங்கியது. ஆனைஸ் அவரைப் படுத்த நிலையில் மட்டுமே கண்டிருக்கிறாள்.

வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பிரெஞ்சுச் சொற்களில் ஒன்றுகூட வாமதேவனுக்கு வாயில் வரவில்லை. வரிசையில் நின்றவர்கள் பொறுத்திருந்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தப் பிள்ளை வடிவாக, தலை முதல் கால் வரை பார்க்கட்டும் என்று, தன்னால் முடிந்தவரை நிமிர்ந்து நின்றார்.