அமைதிப் பகுதி

அபாய மணி அலறியது. மதியச் சாப்பாட்டைப் பிரித்து வைத்திருந்த ஊசியக்கா கையைக்கூடக் கழுவாமல் ஓடினாள். நிலநடுக்க ஆய்வு நிலையத்தில் வரைபடம் போடுவது அவள் வேலை. பதிவுக் கருவியின் ஊசியையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பதால் வந்த பட்டப்பெயர் அது.

இன்று அந்த ஊசி தாளின் இரண்டு ஓரங்களையும் அடித்துக்கொண்டு துடித்தது.

“எங்கே?” என்றாள்.

“மலையடிவார ஊர். பெரிசுக்கா” என்றான் பக்கத்து மேசைக்காரன்.

தங்கச்சி, மாப்பிள்ளை, பாப்பா மூவரும் இருப்பது அங்கேதான். போனை அழுத்தி அழுத்தி விரல் நொந்ததுதான் மிச்சம். இணைப்பு செத்துக் கிடந்தது.

அழுதுகொண்டே வேலையைப் பார்த்தாள். சுவர் வரைபடத்தில் ஐந்தாவது சிவப்புப் பட்டையை வரைந்தாள். தொண்ணூறு வருஷத்தில் நான்கு பெரிய நடுக்கங்கள். ஒன்று முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்கி, கிழக்கிலிருந்து மேற்காக வந்திருந்தன. யாரோ சட்டைப் பித்தானை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டு வருவது போல. இன்று ஐந்தாவது. மேற்கே மிச்சம் ஒரே பித்தான்: துறைமுக நகரம். இருநூறு வருஷமாக அங்கே ஓர் ஓடுகூடச் சரிந்ததில்லை. போன வருஷம் அச்சிட்ட வரைபடத்தில் அந்த இடத்தை வெள்ளையாக விட்டு, ‘அமைதிப் பகுதி’ என்று தன் கையாலேயே எழுதியிருந்தாள். அவர்கள் தொழிலில் அதற்கு வேறு அர்த்தம். “மாமியார் கத்தினா பயமில்ல, பேசாம உட்கார்ந்திருந்தாத்தான் பயம்” என்று பக்கத்து மேசைக்காரன் அன்றைக்குச் சிரித்தது இப்போது காதில் குத்தியது.

சாயங்காலம் போன் ஒலித்தது. தங்கச்சி!

“உசுரோட இருக்கியாடி? மாப்பிள்ளை? பாப்பா?”

“எல்லாரும் நல்லா இருக்கோம்க்கா. போன வாரமே அந்த ஊரைக் காலி பண்ணிட்டோம். உனக்குச் சொல்லாம அசத்தலாம்னு இருந்தோம். இங்க துறைமுகத்துல அஞ்சாவது மாடி. விளக்கு மட்டும் கொஞ்சம் ஆடிச்சு.”

ஊசியக்காவின் கண் சுவர் வரைபடத்தின் வெள்ளை இடத்துக்குப் போனது.

“பாப்பாவைத் தூக்கிக்கிட்டு இப்பவே கீழ இறங்கு. ஊரை விட்டே கிளம்புங்க.”

“ஆரம்பிச்சுட்டியா? இன்னிக்கு இங்க ஆடப்போகுதா?”

“இன்னிக்கா, இருபது வருஷம் கழிச்சான்னு எவனாலயும் சொல்ல முடியாது. ஆனா அடுத்தது அங்கதான். பூமிக்கடியில பக்கத்துத் துண்டு உடைஞ்சதுல மொத்த இறுக்கமும் இப்ப உன் காலடியில வந்து நிக்குது.”

“என்னக்கா உளர்ற? அமைதிப் பகுதின்னு நீதானே எழுதின? அதைப் பார்த்துத்தானே அவர் இந்த ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கினார்?”

“அமைதின்னா பத்திரம்னு அர்த்தம் இல்லடி! இன்னும் வெடிக்கலைன்னு அர்த்தம்!”

தங்கச்சி வீட்டு ஜன்னலுக்குக் கீழே வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும் இரைச்சல் போன் வழியே கேட்டது.

“அது என்னடி சத்தம்?”

“பஸ்ஸுக்கா... இடிஞ்ச ஊர்ல பிழைச்சவங்களையெல்லாம் இங்க, எதிர்ப் பள்ளிக்கூடத்துலதான் கொண்டாந்து இறக்குறாங்க. வாசல்ல உன் மேப்பைத்தான் ஒட்டி வெச்சிருக்காங்க.”